வில்லாமெட் நதியின் ஈரடுக்குப் பாலங்கள்

நதியினால் நகரம் உண்டாகிறது. உண்டான நகரத்தை அந்நதியே இரு கூறாகப் பிரித்தும் விடுகிறது. ஒரு கரையிற் குடியிருந்து மறு கரையில் தொழில் செய்யும் ஜனங்கள் பெருகப் பெருக, முதலில் ஓடமும், பிறகு மரப்பாலமும், அதன்பின் இரும்புப் பாலமும் ஏற்படுகின்றன. அவையும் போதாமற் போகுங் காலத்தில், ஆற்றின்மேல் ஒரு பாதைக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாதைகளை அமைத்தால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. ஒரே மனையில் இரண்டு குடும்பங்கள் வாழவேண்டின் மேல்மாடி எழுப்புவது போன்றதே இது.

இவ்விஷயம் நம் மாணவர்களுக்கு வெகுதூரத்து விஷயம் அன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்துக்குக் கூவம் நதியை ஒட்டி இரண்டடுக்கு நெடுஞ்சாலை ஒன்று அமைப்பதற்கு 2022-ம் வருஷம் மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன்னர் 2009-ம் வருஷத்தில் தொடங்கி இடையில் நின்றுபோன பழைய திட்டத்தின் தூண்கள் பல வருஷங்கள் ஆற்றோரத்தில் ஒன்றையுந் தாங்காமல் நின்றதைக் கண்டவர் நம்மிற் பலர். இரண்டடுக்குச் சாலை எவ்வாறு நிற்கிறது, பூமி நடுங்கினால் அதன் கதி யாது, ஆற்றங்கரையின் அழகு கெடாதா என்று கேட்போர்க்கு ஊகத்தால் விடை கூறுவதைக் காட்டிலும், இவ்விதப் பாலங்களைக் கட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாக அவற்றோடு வாழ்ந்து பார்த்த ஒரு நகரத்தின் அனுபவத்தை எடுத்துரைப்பதே நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதலானேன். அந்நகரம் அமெரிக்காவின் மேல்கரையில், ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து.

வில்லாமெட் நதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்து, போர்ட்லாந்து நகரத்தை ஊடறுத்துச் சென்று, கொலம்பியா என்னும் பெருநதியோடு கலக்கிறது. நதியின் இரு கரைகளிலும் நகரம் பரந்திருத்தலால் அங்கே பாலங்கள் மிகுதி. 1910-ல் கட்டிய ஹாத்தார்ன் பாலம், 1913-ல் முடிந்த பிராட்வே பாலம், 1926-ல் திறந்த பர்ன்சைடு பாலம் ஆகிய இவையெல்லாம் கப்பல் வரும்போது நடுப்பகுதி மேலே எழும்பியோ இரண்டாகப் பிளந்தோ வழிவிடுவன. 1931-ல் திறந்த செயின்ட் ஜான்ஸ் பாலமோ, கூர்மாடக் கோயில்களை நினைப்பூட்டும் உயர்ந்த கோபுரங்களிலிருந்து கம்பிவடங்களால் தொங்குவது. அதன் கீழே சென்று அண்ணாந்து பார்ப்பதற்கென்றே ஜனங்கள் வருவதுண்டு. இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்ட்லாந்து மக்கள் பாலங்களை நாடோறும் பார்த்துப் பழகியவர்கள். நல்ல பாலம் இன்னதென்று அவர்களுக்குக் கண் பழகியிருந்தது.

ஈரடுக்குப் பாலமும் அவர்களுக்குப் புதிதன்று. உலகத்துக்கே அது புதிதன்று. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து டைன் நதியின்மேல் ராபர்ட் ஸ்டீவென்ஸன் 1849-ம் வருஷத்திலேயே மேலே ரயிலும் கீழே வண்டிப் பாதையுமாக ஒரு பாலத்தை அமைத்துவிட்டார். போர்ட்லாந்திலும் 1912-ம் வருஷம் முதல் 'எஃகுப் பாலம்' என்றே பெயர் வழங்கும் ஈரடுக்குப் பாலம் ஒன்று உண்டு. கீழ்த்தட்டில் ரயில் வண்டி செல்லும். மேல்தட்டில் பிற வண்டிகளும் டிராமும் செல்லும். இதன் விசேஷம் யாதெனில், சிறு படகு வந்தால் கீழ்த்தட்டு மட்டும், தொலைநோக்கிக் குழாய் ஒன்றனுள் ஒன்று செருகிக்கொள்வது போல, மேல்தட்டின் சட்டத்துக்குள் ஏறிக்கொள்ளும். அப்பொழுது மேலே செல்லும் வண்டிகள் நிற்கவேண்டியதில்லை. பெருங்கப்பல் வந்தால் இரண்டு தட்டுகளும் சேர்ந்து எழும்பும். இவ்வாறு தட்டுகளைத் தனித்தனியே உயர்த்தவல்ல வேறொரு பாலத்தைக் காண்பது அரிது. நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆயினும் நாம் பேசவந்தவை வேறு இரண்டு பாலங்கள். 1956-ம் வருஷத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நாடெங்கும் மாநிலத்துக்கு மாநிலம் தடையின்றிச் செல்லும் பெருவழிகள் அமைக்கவேண்டும் என்பதும், அவற்றின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய சர்க்கார் கொடுக்கும் என்பதும் அச்சட்டத்தின் சாரம். அவ்வழிகளில் ஐந்தாம் எண் பெற்றது, மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரையிற் செல்வது. அது போர்ட்லாந்து நகரத்தின் நடுவே வில்லாமெட் நதியைக் கடக்கவேண்டியதாயிற்று.

இங்கேதான் சங்கடம் தொடங்கியது. பெருவழி என்பது எவ்விடத்தும் நில்லாத பாதை. ஆகவே கப்பலுக்கு வழிவிட எழும்பும் பாலம் அதற்கு உதவாது. கப்பலின் கொடிமரத்துக்கும் மேலே போகும் உயரமான பாலமே வேண்டும். உயரமான பாலத்தில் ஏறவேண்டுமானால் நெடுந்தூரம் சாய்வாக ஏறிச்செல்லும் பாதைகள் வேண்டும். நான்கு திசைகளிலிருந்தும் வரும் சாலைகளை இணைக்க அவ்வேறுபாதைகள் வளைந்தும் பிரிந்தும் மீண்டுங் கூடியும் செல்லவேண்டும். நகரத்தின் நடுவில் நிலமோ பொன்னைப்போல் விலை பெற்றது. எட்டு வரிசை வண்டிகளைப் பக்கம்பக்கமாக விட்டால் ஆற்றங்கரை முழுதும் சாலையே ஆகிவிடும். ஆகவே நான்கு வரிசை மேலே, நான்கு வரிசை கீழே என்று எஞ்சினீயர்கள் தீர்மானித்தனர். வடக்கே செல்பவை மேல்தட்டிலும் தெற்கே செல்பவை கீழ்த்தட்டிலும் செல்லும்படி ஏற்பாடாயிற்று. 1966-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்ட இப்பாலத்துக்கு, அம்மாநிலச் சட்டசபையில் அங்கத்தினராயும் ஜில்லா நீதிபதியாயும் இருந்த பிலிப் மார்க்வம் என்பவரின் பெயர் இடப்பட்டது.

மார்க்வம் பாலம் எவ்வாறு நிற்கிறது என்பதைப் பௌதிக சாஸ்திரம் பயிலாத மாணவரும் எளிதில் அறியலாம். நான்கு மூங்கிற் குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்தினால் சதுரம் சாய்ந்துபோகும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டி அழுத்தினால் குச்சி ஒடிந்தாலன்றி உருவம் மாறாது. இம்முக்கோணங்களை அடுத்தடுத்து நீளக் கோத்தது போன்றதே பாலத்தின் எஃகுச் சட்டம். இதில் மேலே ஒரு நெடிய விட்டமும் கீழே ஒரு நெடிய விட்டமும் இருக்கும். இடையே குறுக்குச் சாய்வான எஃகுகள் அவற்றைப் பிணைக்கும். இரண்டு தூண்களின்மேல் வைத்த சட்டத்தின்மீது பாரம் ஏறும்போது மேல்விட்டம் நெருக்குண்ணும், கீழ்விட்டம் இழுபடும். தூண்களுக்கு அப்பாலும் கைநீட்டி நிற்கும் சட்டத்தில் அந்நீட்டத்தில் இது தலைகீழாகும். எவ்வாறாயினும் இரண்டு விட்டங்களுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமாக அதிகமாகச் சட்டத்தின் வலிமையும் அதிகமாகும். எனவே நீண்ட பாலத்துக்கு ஆழமான சட்டம் இருந்தே தீரவேண்டும். அந்த ஆழத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை வீணாக விடுவானேன்? மேல்விட்டத்தின்மேல் ஒரு சாலையும் கீழ்விட்டத்தின் மட்டத்தில் ஒரு சாலையும் போட்டுவிட்டால், ஒரே சட்டமும் ஒரே வரிசைத் தூண்களும் இரண்டு பாலத்தின் வேலையைச் செய்கின்றன. ஈரடுக்குப் பாலத்தின் சிக்கனம் முழுதும் இதில் அடங்கியுள்ளது.

மார்க்வம் பாலத்தின் நடுக்கண் 440 அடி நீளம். இருமருங்கிலும் உள்ள கண்களின் சட்டங்கள் தூண்களைக் கடந்து நதியின் நடுவை நோக்கிக் கைநீட்டி நிற்க, அந்நீட்டங்களினால் நடுக்கண் ஏந்தப்பட்டிருக்கிறது. செலவு ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் டாலர். கணக்கு நோக்கிப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் சுமந்து, ஆரிகன் மாநிலத்துப் பாலங்கள் எல்லாவற்றிலும் மிகுதியாக உழைப்பது அதுவே.

ஆனால் ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதும் மென்மையான சொல்லே. மொட்டையான எஃகுச் சட்டமும், அதன் இரு தலைப்பிலும் சிக்குண்ட கயிறுபோலக் கிடக்கும் கான்கிரீட் ஏறுபாதைகளும், நகரத்துக்கும் நதிக்கும் நடுவே வேலியிட்டாற்போல் நின்றன. நகரத்தின் கலைக் குழுவினர் பகிரங்கமாகக் கண்டனம் தெரிவித்தனர். கட்டியவர்களோ, குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவதே தங்கள் கடமை என்று இருந்தனர். இதில் இருசாராரும் தத்தம் அளவில் நியாயமே பேசினர் என்பது என் கருத்து. பாலத்தின்மேற் செல்பவன் அரை நிமிஷத்தில் அதைக் கடந்துவிடுகிறான். அவனுக்கு வேண்டியது வேகமும் பத்திரமும். ஆற்றங்கரையில் வாழ்பவனோ அப்பாலத்தின்மேல் ஒருமுறையேனும் செல்லாதவனாயினும் காலையும் மாலையும் அதைக் கண்டுகொண்டே இருக்கவேண்டும். முதல்வனைத்தான் எஞ்சினீயர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டாமவனை எண்ணக் கணக்கில் கட்டம் இல்லை.

கண்டனம் பயன் தராமற் போகவில்லை. மார்க்வம் பாலம் நின்றபடி நின்றது. ஆனால் நதியின் வழியே சில மைல் வடக்கே, நகரத்தைச் சுற்றிச் செல்லும் கிளைவழிக்காக மற்றொரு பாலம் கட்டவேண்டியிருந்தது. இம்முறை கலைக் குழுவினரையும் ஆலோசனைக்கு அழைத்தனர். அவ்வாறு பிறந்ததே பிரீமாண்ட் பாலம். இதுவும் ஈரடுக்குப் பாலமே. இதிலும் வரிசைகள் மேலே நான்கு, கீழே நான்கு. ஆனால் உருவமோ முற்றிலும் வேறு.

பிரீமாண்ட் பாலம் நாண் பூட்டிய வில். வில்லை வளைத்து நாண் பூட்டினால், வில்லின் முனைகள் விலகிப்போக முயல்கின்றன. நாண் அவற்றைப் போகவொட்டாமல் இழுத்துப் பிடிக்கிறது. வளைவான பாலத்திலும் இதுவே நடைபெறும். பாரம் ஏறியதும் வளைவின் இரு முனைகளும் கரையை வெளிப்புறமாக உந்தும். கரை பாறையாயிருந்தால் அது தாங்கும். பாறை இல்லாத இடத்தில், முனைக்கு முனை ஓர் எஃகு விட்டத்தை நாணாகப் பூட்டிவிட்டால், உந்துதல் முழுவதையும் அந்நாணே ஏற்றுக்கொள்ளும். தூண்களின்மேல் நேர்கீழான பாரம் மட்டுமே விழும். பிரீமாண்ட் பாலத்தில் வளைவானது நடுவில் சாலைகளுக்கு மேலே உயர்ந்தெழுந்து, கரைப்பக்கம் வரும்போது சாலைகளைக் கடந்து அவற்றின் கீழே இறங்கித் தூணில் ஊன்றுகிறது. அதன் நடுக்கண் 1,255 அடி. கனடா தேசத்தில் வான்கூவர் நகருக்கருகே 1964-ல் கட்டிய போர்ட் மான் பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டு இதை வகுத்தனர்.

நாண் பூட்டிய வில்லுக்கு மற்றொரு நன்மை உண்டு. நாணோடு கூடியபின் அது தன்னளவில் நிறைவான பொருள். யாரையும் சாராமல் தானே நிற்கவல்லது. ஆகையால் அதை நதியின்மேல் அந்தரத்திற் சிறிதுசிறிதாகக் கட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவ்வுண்மையைப் பயன்படுத்தி எஞ்சினீயர்கள் செய்த காரியம் வியக்கத்தக்கது. நதியின் கீழ்ப்போக்கில் ஸ்வான் தீவு என்னும் இடத்தில், 902 அடி நீளமுள்ள நடுப்பகுதியைக் கரையோரத்திலேயே கட்டி முடித்தார்கள். ஆறாயிரம் டன் எடையுள்ள அப்பகுதியை மிதவைகளின்மேல் ஏற்றி, நதியின்வழியே மிதக்கவிட்டுப் பாலம் அமையவேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1973-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் 32 ஜாக்கிகள் ஒருங்கே பிடித்து, அதனை 170 அடி உயரத்துக்கு மெல்ல மெல்லத் தூக்கின. முப்பத்திரண்டில் ஒன்று முந்தினாலும் ஒன்று பிந்தினாலும் சட்டம் முறுகிக் கெட்டுவிடும். கரையிற் கூடி நின்றோர் கண்முன்னே ஒரு வானவில் எஃகாகி எழுந்தாற்போல அது எழுந்தது. அந்நாள்வரை மனிதர் தூக்கிய பாரங்களில் அதுவே மிகப் பெரியது என்று உலக சாதனைப் புத்தகத்தில் குறிக்கப்பட்டது. அதே வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி பாலம் திறக்கப்பட்டது.

இனி, செலவு. பிரீமாண்ட் பாலத்துக்கு 8 கோடியே 20 லட்சம் டாலர் ஆயிற்று. அதாவது மார்க்வம் பாலத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. அழகுக்கு ஆறு மடங்கு விலையா என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. பிரீமாண்ட் பாலத்தின் நடுக்கண் மார்க்வம் பாலத்தினதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். நீளம் கூடக்கூடச் செலவு அதே விகிதத்திலன்றி அதனினும் வேகமாகக் கூடும் என்பது கட்டிடக் கலைஞர் அறிந்தது. ஏழு வருஷ இடைவெளியில் விலைவாசியும் ஏறியிருந்தது. ஆகவே ஆறு மடங்கு முழுதும் அழகுக்குக் கொடுத்த விலை அன்று. அன்றியும், அழகிய வடிவம் அபாயமற்றது என்றும் எண்ணிவிடலாகாது. 1971-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், கட்டிக்கொண்டிருக்கும்போதே, மேற்குப் பகுதியின் விட்டமொன்றில் ஆறடி நீளமுள்ள பிளவு காணப்பட்டது. வேலையை நிறுத்தி அப்பகுதியின் அமைப்பை மாற்றவேண்டியதாயிற்று. அதற்கு மட்டும் 55 லட்சம் டாலர் செலவாயிற்று. பாலம் திறந்தபின் காணவேண்டியதை முன்னரே கண்டார்களே என்பது ஒன்றே ஆறுதல்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் விஷயம். ஈரடுக்குப் பாலத்தைப்பற்றி உண்மையாகவே அஞ்சவேண்டிய விஷயம் வேறு. அதனைப் போர்ட்லாந்து மக்கள் தெற்கே கலிபோர்னியாவில் நடந்த துயரத்தால் அறிந்தார்கள். 1989-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி மாலையில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தைச் சார்ந்த பகுதிகளில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. ஓக்லாந்து நகரத்தில் வீடுகளுக்கு நடுவே சென்ற சைப்பிரஸ் என்னும் ஈரடுக்குக் கான்கிரீட் மேம்பாதையில், ஒரு மைலுக்கு மேற்பட்ட தூரம் மேல்தட்டு கீழ்த்தட்டின்மேல் விழுந்தது. கீழே சென்றுகொண்டிருந்தவர்களுக்குத் தப்ப வழியில்லை. நாற்பத்திரண்டு பேர் மாண்டனர். அதே நேரத்தில், 1936-ல் திறந்த வளைகுடாப் பாலத்திலும் மேல்தட்டின் ஒரு துண்டு கீழ்த்தட்டின்மேல் விழுந்து ஓர் உயிரைக் கொண்டது.

சைப்பிரஸ் பாதை ஏன் விழுந்தது? இரண்டடுக்காயிருந்த காரணத்தால் மட்டும் அன்று. அது 1950-களில் கட்டியது. கான்கிரீட் தூணும் உத்தரமும் கூடும் மூட்டுகளில், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் போதிய அளவு இல்லை. பூகம்பத்தில் தூண் பக்கவாட்டில் ஆடும்போது அம்மூட்டுகள் உடைந்தன. விழுந்த பகுதியின் பெரும்பாகம் இளகிய களிமண்ணின்மேல் நின்றது. அத்தகைய மண் நடுக்கத்தைப் பன்மடங்காக்கும். எஃகுச் சட்டப் பாலம் கான்கிரீட்டுப் பாதையைப்போல் எளிதில் நொறுங்குவதன்று. ஆயினும் ஓரடுக்குப் பாலத்தில் மூட்டு விட்டால் ஒரு சாலை விழும். ஈரடுக்கில் ஒன்று விழுந்தால் மற்றொன்றையும் கொல்லும் என்ற பேதத்தை மறைக்க முடியாது. வளைகுடாப் பாலத்தின் கிழக்குப் பாதியை மாற்றி 2013-ல் திறந்த புதிய பாலத்தில், சாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அன்றிப் பக்கம்பக்கமாகவே அமைத்தார்கள் என்பது கருதத்தக்கது.

ஆரிகன் கடற்கரைக்கு அப்பால் கடலின் கீழே பூமியின் ஓடு ஒன்று மற்றொன்றின் அடியிற் புகுந்துகொண்டிருக்கிறது. 1700-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி இரவில் அங்கே மாபெரும் பூகம்பம் நேர்ந்தது. அப்பக்கத்துப் பழங்குடிகளிடம் எழுத்து இல்லையாயினும் அவர்கள் வாய்மொழிக் கதைகளில் அந்நிகழ்ச்சி நிற்கிறது. தேதி எவ்வாறு தெரிந்ததெனில், பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து ஜப்பான் கரையை மோதிய பேரலையை அந்நாட்டார் குறித்துவைத்திருந்தனர். அத்தகைய நடுக்கம் மீண்டும் வரும். எப்பொழுது என்பதே ஒருவரும் சொல்ல முடியாதது. ஆற்றங்கரை மணல் நீரோடு கலந்து குழம்பாகும் இயல்புடையதாதலால், பாலத்தின் எஃகைக் காட்டிலும் அதன் காலடி மண்ணைப் பற்றியே அந்நகரத்து எஞ்சினீயர்கள் கவலைப்படுகின்றனர்.

மற்றொன்றுஞ் சொல்லவேண்டும். மார்க்வம் பாலத்தின் கிழக்குத் தலைப்பில், எங்கும் செல்லாமல் ஆகாயத்தில் முடிந்துவிடும் ஏறுபாதைத் துண்டுகள் உண்டு. மவுண்ட் ஹூட் பெருவழி என்று ஒரு புதிய வழியைக் கிழக்கு நோக்கி அமைக்க எண்ணி, அதனோடு இணைப்பதற்காக அவற்றை முன்கூட்டியே கட்டிவைத்தனர். அவ்வழி சென்றிருந்தால் தென்கிழக்குப் பகுதியில் ஏராளமான வீடுகள் இடிபட்டிருக்கும். ஜனங்கள் எதிர்த்தனர், 1974-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கென வைத்த மத்திய சர்க்கார் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு நகரத்தில் மின்சார ரயில் அமைத்தார்கள். 1986-ல் அது ஓடத் தொடங்கியது. அவ்வருஷமே பழைய எஃகுப் பாலத்தின் மேல்தட்டிலும் அது ஏறிக்கொண்டது. 1974-ம் வருஷத்திலேயே மேற்குக் கரையை ஒட்டிச் சென்ற பெருஞ்சாலையொன்றையும் மூடிப் பெயர்த்தெடுத்தனர். புதிய பாலங்கள் அதன் வண்டிகளை ஏற்றுக்கொண்டபடியால் இது சாத்தியமாயிற்று. சாலை இருந்த இடத்தில் இப்பொழுது புல்வெளியும் மரநிழலுமாகப் பூங்கா ஒன்று ஆற்றை நோக்கிக் கிடக்கிறது. அப்பூங்காவில் உலாவுவோர், தாங்கள் வெறுக்கும் மார்க்வம் பாலத்துக்கு இவ்விஷயத்தில் கடன்பட்டவர்கள் என்பதை அநேகமாக நினைப்பதில்லை.

ஆனால் எல்லாரும் எதிர்த்து வெல்லவில்லை. கிழக்குக் கரையில் அல்பைனா என்னும் பகுதியில் நகரத்தின் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் வாழ்ந்துவந்தனர். பிற இடங்களில் அவர்களுக்கு வீடு கொடுப்பார் இல்லாதபடியால் அங்கேயே நெருங்கி வாழ நேர்ந்தவர்கள். 1960-களின் தொடக்கத்தில் ஐந்தாம் எண் பெருவழி அப்பகுதியைப் பிளந்து சென்றபோது நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. பாலத்தின் உருவம் நன்றாயில்லை என்று கூறியவர்களின் குரல் சில வருஷங்களில் கேட்கப்பட்டது. வீடிழந்தவர்களின் குரல் கேட்கப்படுவதற்கு அதனினும் வெகுகாலம் சென்றது. பாலத்தின் விலையை டாலராகக் கணக்கிடும் ஏடுகளில் இவ்வீடுகள் நிலத்தின் கிரயமாக மட்டுமே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு பாலங்களிலும் நடந்து செல்வோர்க்குப் பாதை இல்லை. அவை மோட்டாருக்கென்றே கட்டியவை. இக்குறையை ஈடுசெய்தாற்போல, 2015-ம் வருஷத்தில் மார்க்வம் பாலத்துக்கு மிக அருகிலேயே, சொந்த மோட்டார் வண்டிகளுக்கு இடமே இல்லாமல், ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் கால்நடையும் மட்டும் செல்லும் திலிக்கம் பாலம் திறக்கப்பட்டது. பிரீமாண்ட் பாலத்திலோ மனிதர்க்கு மறுத்த இடத்தைப் பறவைகள் எடுத்துக்கொண்டன. பூச்சிமருந்துகளின் கேட்டால் அருகிப்போயிருந்த வல்லூறுகள், மலைமுகடு என்று எண்ணினவோ என்னவோ, 1990-களில் அவ்வளைவின் எஃகு இடுக்குகளிற் குஞ்சு பொரிக்கத் தொடங்கின.

1996-ம் வருஷம் முதல் ஆண்டுக்கொரு நாள் கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நகரத்தார் சைக்கிளேறிப் பாலம் பாலமாகச் சுற்றிவரும் விழா ஒன்று நடைபெற்று வருகிறது. பல வருஷங்களில் அன்றைக்குச் சில மணி நேரம் இவ்விரு பாலங்களின் மேல்தட்டுகளிலும் மோட்டார் வண்டிகளை நிறுத்தி இவர்களுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். அப்பொழுது மார்க்வம் பாலத்தின் உச்சியில் சைக்கிளை நிறுத்திச் சுற்றிப் பார்ப்பவர் பலர். கிழக்கே பனி மூடிய ஹூட் மலையும், கீழே வடக்கு நோக்கி வளைந்து செல்லும் நதியும், அதன்மேல் வரிசையாக நிற்கும் பழைய பாலங்களும் அங்கிருந்து தெரியும். நகரத்தைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் அரிது. அங்கிருந்து பார்க்கும்போது மார்க்வம் பாலம் மட்டும் கண்ணிற் படுவதில்லை.